பதினான்காம் பாட்டிலின் மூடி

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. எல்லோருக்கும் அவள் பாட்டிலக்கா. புதிதாக வேலைக்கு வந்த காவலாளி ஒருவன் அதைக் கேட்டுவிட்டு, "பாத்தா சாமி கும்பிடுற ஆளு மாதிரி இருக்காங்க, இவங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பாவம், அவனுக்குத் தெரியாது. அவள் கையில் புரண்டதெல்லாம் உயிரணு வளர்க்கிற கண்ணாடிப் பாட்டில்கள். சோப்பு ஒரு சொட்டு உள்ளே தங்கினாலும் அந்த உயிரணுக்களின் தோல் கரைந்து செத்துப்போகும். அதனால் ஒவ்வொரு பாட்டிலையும் ஏழு தடவை குழாய்த் தண்ணீரிலும் மூன்று தடவை காய்ச்சி வடித்த தண்ணீரிலும் அலச வேண்டும். அவள் எண்ண மாட்டாள். ஒரு அலசலுக்கு ஒரு முறை ஆண்டவன் பெயர், பத்துப் பெயர் முடிந்தால் ஒரு பாட்டில் முடிந்தது. பிறகு எல்லாவற்றையும் பெரிய குக்கரில் அடுக்கி நீராவியில் வேகவைப்பாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவள் வேலை. ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு அலசல் விட்டுப்போனதாக அர்த்தம். விட்டுப்போனதில்லை.

கழுவும் அறைக்கும் உயிரணு அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல். அதன் அடியில் பாட்டில் கொடுத்து வாங்க ஒரு சின்னத் திறப்பு. அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை செய்தவர்களில் முக்கியமானவன் சின்ன டாக்டர். இன்னும் பட்டம் வாங்கவில்லை. ஆனால் வாங்கியதுபோலவே நடந்துகொண்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தொடக்கத்தில் அவனை அவள் "தம்பி" என்றுதான் கூப்பிட்டாள். பசியோடு இருந்தால் தன் சாப்பாட்டில் பாதியைத் திறப்பு வழியாகத் தள்ளுவாள்.

அவன் என்ன ஆராய்ச்சி செய்கிறான் என்பதை அவளுக்கு விளங்கச் சொன்னது அவனல்ல. அவனுக்கு அடுத்தபடியில் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி. எப்போதும் கொட்டாவி விடுகிற பெண். பாட்டிலக்கா அவளைப் பாப்பா என்பாள்.

"ஒரு உயிரணுவுக்குள்ள சரக்கு செய்யுற எடம் ஒண்ணு இருக்குக்கா, நடுவுல. அங்கேர்ந்து சரக்கு ஓரம் வரைக்கும் போகணும். சின்னச் சின்னப் பையில ஏத்தித்தான் அனுப்பும். எந்தச் சரக்க எந்தப் பையில ஏத்துறதுன்னு பாக்க ஒரு ஆளு வேணும்ல? அதுதான் அடாப்டர் புரதம். ஒரு கையால சரக்கோட வாலப் பிடிச்சுக்கும். இன்னொரு கையால பைக்கு மேல்சட்ட கட்டுறவங்கள இழுத்துட்டு வரும்."

"வீடு பாத்துக் குடுக்குற புரோக்கர் மாதிரி. ரெண்டு பக்கமும் கை."

"அதே. அந்த புரோக்கர் இல்லேன்னு வைங்க, சரக்கு நடுவுலயே குவிஞ்சு கெடக்கும். ஓரத்துக்குப் போகாது."

"கெடந்தா என்ன ஆகும்?"

பெண் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினாள். "அது இல்லாம பொறக்குற கொழந்தைங்களுக்குக் கால் வெறச்சுப் போயிடும்கா. நடக்க வராது. இங்க நாம வளக்குற உயிரணு அப்படி ஒரு கொழந்தையோட தோல்லேர்ந்து எடுத்ததுதான்."

அன்றிலிருந்து பாட்டிலக்காவின் வேண்டுதல் பட்டியலில் முகம் தெரியாத ஒரு குழந்தை சேர்ந்துகொண்டது.

சின்ன டாக்டரிடம் எப்போதும் இரண்டு பாட்டில்கள் இருந்தன. இரண்டிலும் அந்தக் குழந்தையின் உயிரணுக்கள்தான். ஒன்றில் அந்தப் புரதம் இல்லாதவை. இன்னொன்றில் அந்தப் புரதத்தைத் திரும்ப வைத்துச் சரிசெய்தவை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் ஒன்றில் சரக்கு நடுவில் குவிந்திருப்பதும், மற்றதில் எங்கும் பரவியிருப்பதும் பச்சையாக ஒளிரும். எது எது என்று அடையாளம் காட்ட அவன் பாட்டிலின் மூடி மேல் எழுதினான். இல்லாததற்குக் கழித்தல் குறி, இருப்பதற்குக் கூட்டல் குறி. பாட்டிலின் உடம்பில் ஒன்றும் எழுத மாட்டான். "ஒரு நேரத்தில் ஒரு பாட்டில்தான் திறக்க வேண்டும்" என்று பேராசிரியர் அம்மா எழுதி ஒட்டிய காகிதம் அவன் தலைக்கு மேலேயே இருந்தது. அதற்கு அடியில் உட்கார்ந்து அவன் இரண்டையும் ஒன்றாகத் திறப்பான்.

ஒருநாள் அவனுடைய ஆறு மாத உழைப்பு தலைகீழாக வந்து நின்றது. புரதம் இருக்கிற உயிரணுவில் சரக்கு குவிந்திருந்தது. இல்லாததில் ஓடிக்கொண்டிருந்தது. பேராசிரியர் அம்மா எல்லோரையும் கூப்பிட்டு, எங்கே தவறு நடந்தது என்று கேட்டார். சின்ன டாக்டர் யோசிக்கக்கூட இல்லை.

"பாட்டிலக்கா என் மேசையத் தொடச்சாங்க மேடம். மூடிய மாத்தி வெச்சிருப்பாங்க. அஞ்சாம் கிளாஸ் படிச்சவங்களுக்குக் கூட்டல் எது கழித்தல் எதுன்னு..."

பதினோரு பேர் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் மட்டும் பேசினாள்.

"ஆண்டவன் சத்தியமா நான் தொடலம்மா."

அவன் சிரித்தான். "சத்தியத்த எல்லாம் ஆராய்ச்சியில சேத்துக்க முடியாதுக்கா."

அவ்வளவுதான். வேலைக்குறிப்பில் "கவனக்குறைவு" என்று எழுதி, அவளை அடுத்த கட்டடத்துக் கழிப்பறைகளைக் கழுவ அனுப்பினார்கள். கழிப்பறை கழுவுவது அவளுக்கு இழிவாகப் படவில்லை. அழுக்கு எங்கிருந்தாலும் அழுக்குத்தான் என்று நினைக்கிறவள். அவளைச் சுட்டது அந்தச் சிரிப்பு. ஆண்டவன் பெயரைச் சொல்லி நின்ற வாயைப் பார்த்து ஒருவன் சிரித்துவிட்டான். தன்னைப் பொய்க்காரி என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள். சத்தியத்துக்கு விலையில்லை என்று சொன்னதை நெஞ்சு விழுங்க மறுத்தது. அதே பதினோரு பேர் முன்னால், அதே இடத்தில் நின்று, அவன் வாயாலேயே அவன் செய்ததைச் சொல்ல வேண்டும். அதை நான் கேட்காமல் சாகக்கூடாது, ஆண்டவனே. இப்படித்தான் அவள் வேண்டினாள். இப்படி வேண்டலாமா என்று ஒரு கேள்வி வரும். அதை அவள் உட்காரச் சொல்லிவிடுவாள்.

இரண்டு வருஷம் போயிற்று. அவளுக்குப் பதிலாக வந்த ஆள் மாதத்துக்கு இருபது பாட்டிலை உடைத்தான். சோப்பு தங்கி உயிரணுக்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. பேராசிரியர் அம்மா அவளைத் திரும்ப அழைத்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "பழசையெல்லாம் மறந்துட்டு வேலையப் பாரும்மா" என்றார். "சரிங்கம்மா" என்றாள். மறக்கவில்லை.

முதல் வேலையாக, கண்ணாடியில் கீறுகிற வைரமுனைப் பேனா ஒன்றைப் பாப்பாவிடம் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் ஓர் எண். அதன் மூடியின் உள்விளிம்பில் ஊசியால் அதே எண். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். பதினான்காம் மூடி பதினான்காம் பாட்டிலுக்கு மட்டுமே போகும். ஒரு வாரம் உட்கார்ந்து கீறினாள்.

"எதுக்குக்கா இவ்ளோ மெனக்கெடுறீங்க?" என்று பாப்பா கேட்டாள்.

"சும்மாதான். அஞ்சாம் கிளாஸ் கணக்கு மறந்துடக் கூடாதில்ல."

சின்ன டாக்டரை இப்போது அவள் "சார்" என்றே கூப்பிட்டாள். அந்த மரியாதையில் எத்தனை முள் இருந்தது என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டான்.

தலைகீழான சோதனையை அவன் எப்போதோ திரும்பச் செய்து சரியான விடையை வாங்கியிருந்தான். இப்போது பட்டம் கொடுக்கிற நாள் நெருங்கியது. வெளியூரிலிருந்து இரண்டு பெரிய ஆட்கள் கேள்வி கேட்க வியாழக்கிழமை வருகிறார்கள். பழைய படங்கள் போதாது, புதிதாகச் சாயம் ஏற்றி நேரிலேயே காட்டு என்று பேராசிரியர் அம்மா சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை சின்ன டாக்டர் உயிரணுக்களுக்குப் புதுத் தீனி ஊற்ற உட்கார்ந்தான். பாட்டிலக்கா சன்னலுக்கு இந்தப் பக்கம் அலசிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல இரண்டு பாட்டிலையும் ஒன்றாகத் திறந்தான். கூட்டல் மூடியை இடப்பக்கப் பாட்டிலுக்கு அருகிலும், கழித்தல் மூடியை வலப்பக்கப் பாட்டிலுக்கு அருகிலும் வைத்தான். தீனி ஊற்றினான். பையில் போன் அடித்தது. கையுறையைக் கழற்றினான், பேசினான், சிரித்தான், பேசிக்கொண்டே வலப்பக்கப் பாட்டிலை மற்றதைத் தாண்டி இடப்பக்கம் நகர்த்தி அந்த இடத்தில் முழங்கையை ஊன்றினான். பேச்சு முடிந்தது. இடப்பக்கம் கிடந்த மூடியை, இப்போது இடப்பக்கம் இருந்த பாட்டிலுக்குப் போட்டுத் திருகினான். மிச்ச மூடி மிச்சப் பாட்டிலுக்குப் போயிற்று.

அவள் கையில் அலசிக்கொண்டிருந்த பாட்டில் நிரம்பி வழிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்பதை அப்படியே அவள் கண் முன்னால் நடத்திக் காட்டியதுபோல இருந்தது.

கூப்பிடலாம். சன்னலில் ஒரு தட்டு தட்டினால் போதும். விரல் மடங்கியது. தட்டவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் பேராசிரியர் அம்மாவின் அறைக்குப் போனாள். உயிரணு அறைக்கு இரண்டு சாவிகள்தான் இருந்தன. ஒன்று சின்ன டாக்டரிடம், இன்னொன்று அவளிடம். தன் சாவியை மேசையில் வைத்தாள்.

"பெரியவங்க வந்துட்டுப் போற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா. நான் அந்தப் பக்கம் போக வேண்டிய வேல இல்ல."

"ஏம்மா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு பாதுகாப்புக்கு."

பேராசிரியர் அம்மா வினோதமாகப் பார்த்துவிட்டு, தேதி போட்டு ஒரு சீட்டில் குறித்துச் சாவியோடு சேர்த்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் அடுப்பு பழுதுபார்க்கிறவன். எதையும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் பேசுவான். மடியில் ஒரு பர்னரை வைத்துக்கொண்டு கேட்டான்.

"நீ என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் என்ன? சும்மா இருக்குறது ஒரு குத்தமா? ஊர் உலகத்துல பாதிப் பேரு அதத்தானே பண்றான்."

"வெளயாடாதீங்க. மனசு ஒரு மாதிரி இருக்கு."

"ரெண்டு வருஷமா தூக்கத்துல பல்லக் கடிச்சியே, அது ஒரு மாதிரி இல்லியா? வாய மூடிட்டு நாலு நாள் இரு. அவ்ளோதான்."

வாயை மூடிக்கொண்டாள். ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் கணக்கில் இல்லாத ஒன்று நடந்தது. சின்ன டாக்டர் கதவைத் திறந்துவிட, பாப்பா கொட்டாவி விட்டபடி உள்ளே வந்தாள். கூட்டல் மூடி போட்ட பாட்டிலை எடுத்து, அதிலிருந்து பாதி உயிரணுக்களைத் தன் தட்டுகளில் ஊற்றிக்கொண்டாள். அது அவளுடைய சொந்தச் சோதனை. ஒரு மாதமாக மருந்து தயாரித்துக் காத்திருந்த சோதனை.

பாட்டிலக்கா திறப்பு வரை வந்து நின்றாள். பாப்பாவிடம் சொன்னால் சின்ன டாக்டருக்குத் தெரியும். தெரிந்தால் மூடியை மாற்றிக்கொள்வான். வியாழக்கிழமை பட்டத்தை வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே போய்விடுவான். அதே சிரிப்பு.

திறப்பு வழியாகப் பாப்பா எட்டிப் பார்த்தாள். "ஏன்க்கா ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல பாப்பா. தல வலி."

அன்று பிரார்த்தனைக்கு உட்கார்ந்தபோது கால் விறைத்த அந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அந்தக் குழந்தையின் தோலை வைத்துக்கொண்டல்லவா இந்த விளையாட்டு. இருந்தும் மறுநாளும் அவள் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை. கூடத்தின் நடு அறை. வெளியூர்ப் பெரியவர்கள் இருவரும் முன் வரிசையில். பழைய பதினோரு பேரில் ஒன்பது பேர் இன்னும் இருந்தார்கள். தண்ணீர் வைக்கிற சாக்கில் பாட்டிலக்கா கதவோரம் நின்றாள்.

சின்ன டாக்டர் நன்றாகத்தான் பேசினான். புரதத்தின் இரண்டு கைகளைப் பற்றி, சரக்கின் வாலைப் பற்றி, பையின் மேல்சட்டையைப் பற்றி. பிறகு விளக்கை அணைக்கச் சொன்னான். "இது சரிசெய்யப்பட்ட உயிரணு. சரக்கு எல்லா இடத்துக்கும் போயிருப்பதைப் பார்க்கலாம்" என்றபடி பொத்தானை அழுத்தினான்.

திரையில் ஒவ்வொரு உயிரணுவின் நடுவிலும் பச்சைக் குவியல். குப்பை மேடுபோல.

அடுத்த படம். புரதம் இல்லாதது. சரக்கு விளிம்பு வரை பொடித்தூவலாகப் பரவி மின்னியது.

வெளியூர்ப் பெரியவர்களில் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ உங்க புரதம் இருந்தா சரக்கு தேங்கிடும், இல்லேன்னா நல்லா ஓடும்னு சொல்றீங்களா?"

சின்ன டாக்டரின் முகத்தில் ஈ ஆடவில்லை. விளக்கு போடப்பட்டது. அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். கதவோரம் நின்றவள்மேல் கண் நின்றது. முங்குகிறவன் எதையாவது பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டான்.

"மேடம், பாட்டிலக்கா... திரும்பவும் மூடிய மாத்தியிருக்காங்க."

இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். அவன் இதைச் சொல்லாமல் இருந்திருந்தால்கூட ஒருவேளை மனசு இளகியிருக்கும். அவன்தான் அந்தக் கதவையும் சாத்தினான்.

"எப்பங்க சார் மாத்துனேன்?" என்று கேட்டபடி முன்னே வந்தாள்.

"இந்த வாரம்தான். வேற யாரு?"

"எந்தச் சாவி போட்டு உள்ள போனேன்?"

பேராசிரியர் அம்மாவின் முகம் மாறியது. எழுந்து தன் அறைக்குப் போய்ச் சாவியையும் சீட்டையும் எடுத்து வந்தார். "இந்தச் சாவி திங்கட்கிழமை காலையிலேர்ந்து என்கிட்டதான் இருக்கு" என்றார்.

"அந்த ரெண்டு பாட்டிலையும் கொஞ்சம் கொண்டாரச் சொல்லுங்கம்மா. அடியில ஒரு நம்பர் இருக்கும். மூடிக்கு உள்ள ஒரு நம்பர் இருக்கும். நான் குடுக்கும்போது ரெண்டும் ஒரே நம்பராத்தான் குடுப்பேன்."

கொண்டுவந்தார்கள். வெளியூர்ப் பெரியவரே மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். பாட்டில் பதினைந்து, மூடி பதினான்கு. பாட்டில் பதினான்கு, மூடி பதினைந்து.

"திங்கட்கிழமை பத்தர மணிக்கு சாருக்கு ஒரு போன் வந்துச்சு. ரெண்டு பாட்டிலும் தொறந்து கெடந்துச்சு. ஒண்ண நகத்திட்டு முழங்கைய வெச்சாரு. பேசி முடிச்சு மூடிய மாத்திப் போட்டாரு. நான் பாத்தேன்."

பேராசிரியர் அம்மா உயிரணு அறையில் ஒட்டியிருந்த தன் காகிதத்தை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கண்ணை மூடித் திறந்தார். "இப்படித்தான் அன்னைக்கும் நடந்ததா?" என்று சின்ன டாக்டரிடம் கேட்டார்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கும்... நானா இருக்கலாம்" என்றான்.

"இருக்கலாமா, நீங்கதானா?" என்றாள் பாட்டிலக்கா.

"நான்தான்."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார். அன்னைக்கு நல்லாக் கணீர்னு சொன்னீங்க."

அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "நான்தான் மாத்துனேன். அக்கா இல்ல. அன்னைக்கும், இன்னைக்கும்."

அவள் தலையசைத்தாள். தண்ணீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உடம்பு லேசாக இருந்தது. படியில் நின்று, வெட்கமில்லாமல், ஆண்டவனுக்கு நன்றி சொன்னாள்.

சின்ன டாக்டருக்குப் பட்டம் நான்கு மாதம் தள்ளிப்போயிற்று. எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சொன்னார்கள். வேலைக்குறிப்பிலிருந்து "கவனக்குறைவு" அடிக்கப்பட்டது. பேராசிரியர் அம்மா அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடமே காட்டினார். காட்டிவிட்டு, "திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"முன்ன ஒரு தடவ சத்தியம் பண்ணிச் சொன்னேன்மா" என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ஆனால் பாப்பா கேட்டாள். அடுத்த நாள் காலை, கொட்டாவியில்லாத முகத்தோடு திறப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"செவ்வாக்கிழம நான் அந்தப் பாட்டில எடுக்கும்போது நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா பாப்பா."

"தல வலின்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஒரு மாசம்க்கா. எல்லா மருந்தையும் அதுல ஊத்திட்டேன்."

"எம்மேலதான் தப்பு" என்றாள் பாட்டிலக்கா. பாப்பா நான்கு பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அதன் பிறகு அவள் திறப்போரம் நின்று கதை பேச வரவில்லை. "தாங்கக்கா", "சரிக்கா", அவ்வளவோடு நிறுத்திக்கொண்டாள்.

அது பாட்டிலக்காவை அறுத்தது. ஒவ்வொரு நாளும் பாப்பாவின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பாப்பாவின் மருந்து திரும்பத் தயாராகிற வரை அவளுடைய பாட்டில்களை வேலை நேரம் முடிந்தபின் தனியாக இருந்து கழுவிக்கொடுத்தாள். சின்ன டாக்டருக்காக மட்டும் மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. அவன் பாட்டில் வாங்க வரும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். அவள் தாழ்த்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து திரும்பியவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் புருஷன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"இவ்ளோ வேதனப்படுறியே. அந்தத் திங்கட்கிழம திரும்ப வந்தா என்ன பண்ணுவ? கண்ணாடியத் தட்டிச் சொல்லிடுவியா?"

புருஷனிடம் பொய் சொல்ல அவளுக்கு வராது.

"இல்ல" என்றாள். "பாப்பாவ மட்டும் செவ்வாக்கிழம லீவு போடச் சொல்லியிருப்பேன்."